புராஸ்டேட்டுக்குத் தக்காளி மருந்தாகுமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) வீக்கம் என்கிறார்கள். ராத்திரியில் நாலு தடவை எழுந்து போகிறார். தக்காளி நல்லதாமே, பச்சையாகக் கொடுப்பதா, வேகவைத்தா?

பதில்: வேகவைத்து, எண்ணெயோடு கொடுங்கள். தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைக்கோபீன், செல் சுவருக்குள் சிக்கிக் கிடக்கிறது. வெந்தால்தான் சுவர் உடைந்து வெளியே வரும். அது கொழுப்பில் கரையும் பொருள் என்பதால், வெறும் சாறாகக் குடித்தால் உடம்பில் சேர்வது கொஞ்சம்தான். பழுத்த தக்காளி இரண்டை நறுக்கி, ஒரு தேக்கரண்டி எண்ணெயில், தோல் சுருண்டு பிரியும்வரை சிறு தீயில் மூடி வதக்குங்கள். ஓரத்தில் எண்ணெய் செம்மஞ்சளாகப் பிரிந்து நிற்கும். அந்த நிறமே லைக்கோபீன். அதை வடித்துக் கொட்டிவிடாதீர்கள்.

ஆனால் இதனால் ராத்திரி எழுவது குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தக்காளி அதிகம் சாப்பிடும் ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் குறைவாகத் தெரிவதாகச் சில ஆய்வுகள் உண்டு. காரணம் தக்காளிதான் என்பது நிரூபணமாகவில்லை. வீக்கமோ வேறு நோய். அதற்கு உடனே பலன் தருவது, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீர், டீ, காபியை நிறுத்துவது. சளி மாத்திரை வாங்கும்போதும் கவனம் வேண்டும். மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் சிறுநீர்ப்பையின் வாய்ப்பகுதியை இறுக்கும். சிலருக்கு அன்றே சிறுநீர் முற்றிலும் அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்தாலோ, ரத்தம் கலந்து போனாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

கேள்வி: சா பால்மெட்டோ என்ற பனைவகைச் செடியின் பழச்சாறு கேப்ஸ்யூல் வாங்கியிருக்கிறேன். மூலிகைதானே, வீக்கத்துக்கு டாக்டர் கொடுத்த டாம்சுலோசின் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். 2006-இல் வெளியான ஆய்வில் 225 ஆண்கள் பங்கேற்றார்கள். பாதிப் பேருக்கு 160 மி.கி. வீதம் தினம் இரு வேளை, ஓராண்டு சா பால்மெட்டோ கொடுத்தார்கள். மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2011-இல் வந்த இன்னொரு ஆய்வு மூன்று மடங்கு அளவுவரை கூட்டிப் பார்த்தது, முடிவு அதேதான். அதில் போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் தொந்தரவு ஓரளவு குறைந்தது. இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும். இறங்கும் நேரத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதற்கே பெயர் போய்ச் சேரும். டாம்சுலோசினை விட்டால் சிறுநீர் முழுதாக வெளியேறாமல் தேங்கலாம். தேங்கினால் கிருமித்தொற்று, கல் வரலாம், கடைசியில் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

கேப்ஸ்யூல் குப்பியின் லேபிளில் வைட்டமின் ஈ சேர்த்திருக்கிறதா, எவ்வளவு என்றும் பாருங்கள். தினம் 400 யூனிட் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது. காப்பாற்றும் என்று நம்பித்தான் அதைக் கொடுத்தார்கள்! ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் சாப்பிடுகிறவராக இருந்தாலோ, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தாலோ, இந்தக் கேப்ஸ்யூலைப் பற்றி மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். புராஸ்டேட் வீக்கத்துக்கான இன்னொரு மருந்தான ஃபினாஸ்டரைடு சாப்பிட்டால், புராஸ்டேட் புற்றுநோயைச் சோதிக்க ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்து காட்டும். பரிசோதனைக்குப் போகும்போது அதையும் சொல்வது அவசியம்.

கேள்வி: சோயா சாப்பிட்டால் ஆண்மை ஹார்மோன் குறையுமா?

பதில்: குறையாது. சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன் என்ற பொருட்கள், பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சாயலில் இருப்பதால் வந்த பயம் இது. ஆண்களிடம் செய்த ஆய்வுகளில் ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இறங்கவில்லை. தினம் ஒரு கோப்பை சோயா பால் தாராளமாகக் குடிக்கலாம்.