பிரீஸ்கூல் இலவசமானால் வீட்டு டே கேர் என்ன ஆகும்?

"நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அரசே இலவசமாக பிரீஸ்கூல் நடத்தினால் குடும்பங்களுக்கு லாபம்தானே, வீட்டில் டே கேர் நடத்துபவர்கள் ஏன் புலம்புகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். புலம்புகிறவர்களில் நானும் ஒருத்தி. பதினொரு வருடமாக வீட்டில் வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

பெற்றோருக்கு லாபம்தான், மறுக்கவில்லை. ஒரு முழு வருடக் கட்டணம் மிச்சம். கட்ட வழியில்லாமல் பிள்ளையை எங்கும் அனுப்பாமலே இருந்த வீடுகளுக்கு அது பெரிய விஷயம்.

என் பக்கக் கதை வேறு. இரண்டு பெரிய பிள்ளைகள் போனால் வேறு இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்று பலரும் சொல்கிறார்கள். நான்கு வயதுக்காரன் தானே சாப்பிடுவான், தானே பாத்ரூம் போவான், சில சமயம் சின்னதுகளுக்குப் பொம்மைகூட எடுத்துக் கொடுப்பான். கைக்குழந்தை அப்படியா? பால், டயப்பர், தூக்கம், அழுகை என்று ஒரு ஆளை முழுசாகப் பிடித்துக்கொள்ளும். அந்த உழைப்புக்குச் சரியாகக் கட்டணம் கேட்டால் எந்தத் தாயாலும் கொடுக்க முடியாது. அதனால் பெரியவர்களைவிடக் கொஞ்சம்தான் கூட வாங்குகிறோம். அதாவது, பெரிய பிள்ளைகளின் கட்டணத்தில்தான் கைக்குழந்தைகளின் பாதிச் செலவு ஓடுகிறது. பள்ளி கூட்டிப்போவது சரியாக அந்தப் பெரிய பிள்ளைகளை.

இதற்கு மேல் விதிமுறை வேறு. கலிபோர்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு டே கேருக்கான சிறிய உரிமத்தில் ஆறு பிள்ளைகளைச் சேர்த்தால், இரண்டு வயதுக்குட்பட்டவர்கள் மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கைக்குழந்தைகள் மட்டும் என்றால் நான்கு பேர்தான். ஆக, போன இடத்தைக் கைக்குழந்தைகளை வைத்து நிரப்பப் பார்த்தால் ஆறு நான்காகிவிடும். இரண்டு, மூன்று வயதுக்காரர்கள் கிடைத்தால் பிழைத்தோம், ஆனால் அவர்களைத்தான் எல்லா டே கேரும் தேடுகிறது. அதே மாநிலத்தில் பள்ளிகள் வருடா வருடம் பிறந்த தேதி வரம்பைத் தளர்த்தி, 2025-26 கல்வியாண்டில் நான்கு வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் இடம் என்று கொண்டுவந்துவிட்டன.

இது வெறும் பயமில்லை. நியூயார்க் நகரம் 2014ல் நான்கு வயதினருக்கு முழுநாள் வகுப்பை இலவசமாக்கியது. அதன் பிறகு இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு டே கேர் மையங்களில் இருந்த இடங்கள் குறைந்தன என்று ஒரு பொருளாதார ஆய்வு காட்டியது. அது மையங்களின் கதைதான், ஆனால் கணக்கு வீட்டிலும் அதேதான். மையம் பெரிதாக இருப்பதால் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும், நாங்கள் இரண்டு மாதம் தாங்குவதே பெரிது.

குடும்பங்களுக்கும் எல்லாம் சுலபமாகிவிடுவதில்லை. என்னிடம் அண்ணனும் தங்கையுமாக இரண்டு பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் பள்ளிக்குப் போனான். பள்ளி இரண்டரைக்கு விடும், அம்மாவுக்கு வேலை முடிய ஆறு ஆகும். "நீங்கள் போய்க் கூட்டி வர முடியுமா?" என்று கேட்டார். ஒரு பிள்ளையைக் கூட்டிவர மற்ற ஐந்து பேரையும் தூக்கத்திலிருந்து எழுப்பிக் காரில் ஏற்ற வேண்டும். முடியாது என்றுதான் சொன்னேன். கோடை விடுமுறைக்கு மட்டும் அவனை அனுப்பலாமா என்று அப்புறம் கேட்டார். அதற்குள் அவன் இடத்தில் வேறு பிள்ளை வந்தாயிற்று. ஷிப்டு வேலை பார்க்கும் பெற்றோரின் பாடு இன்னும் மோசம். காலை ஆறு மணிக்குக் கதவைத் திறப்பது எங்களைப் போன்றவர்கள்தான்.

பள்ளியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணத்தைப் பள்ளிக்கு மட்டும் கொடுப்பதுதான் எனக்குப் பிரச்சினை. கனடாவின் கியூபெக் மாகாணம் 1997ல் ஒரு நாளுக்கு ஐந்து டாலர் என்று குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது வீட்டில் பார்த்துக்கொள்பவர்களையும் உள்ளே சேர்த்தது. (அங்கே இடம் கிடைக்கப் பெயர் பதிந்து காத்துக் கிடப்பது தனிக் கதை.) புளோரிடாவில் நான்கு வயதினருக்கான இலவசத் திட்டத்தை உரிமம் பெற்ற வீட்டு டே கேரும் நடத்தலாம். ஆனால் கல்வியாண்டுக்கு 540 மணி நேரம்தான், ஒரு நாளுக்குக் கணக்குப் போட்டால் மூன்று மணி நேரம். மிச்ச நேரத்துக்குப் பெற்றோர் காசு கொடுக்க வேண்டும். இருந்தாலும் பிள்ளை காலையிலிருந்து மாலைவரை ஒரே இடத்தில் இருக்கிறான், அங்கே எங்களைப் போன்றவர்களின் வருமானமும் நிற்கவில்லை.

உங்கள் பகுதியில் இந்தத் திட்டம் வரப்போகிறது, நீங்களும் வீட்டில் டே கேர் நடத்துகிறீர்கள் என்றால், வீட்டு டே கேர் நடத்துபவர்கள் திட்டத்தில் சேரலாமா, என்ன பயிற்சிச் சான்றிதழ் கேட்கிறார்கள் என்பதை முதலில் விசாரியுங்கள். அதை முடிக்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். நான் தாமதமாகத்தான் விழித்தேன். அதனால் கைக்குழந்தைகளுக்கான கட்டணத்தை ஏற்ற வேண்டியதாகிவிட்டது. மேலே சொன்ன அம்மா மகனால் மிச்சமான பணத்தில் பெரும்பகுதியை இப்போது மகளுக்காக என்னிடம் கட்டுகிறார்.