பத்தாவது பாஸ்

ஐயா,

கணிப்பொறி அறிவு பரவினால் நம் பிள்ளைகள் வெளிநாடு போவது குறையுமா, கூடுமா? இங்கிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்யலாம் என்கிறார்கள். ஆனால் படித்தவன்தான் முதலில் கிளம்புகிறான். நாம் படிக்கவைத்து அடுத்த நாட்டுக்குத் தானம் செய்கிறோமோ?

என் அக்கா மகன் பி.சி.ஏ. முடித்தவன். டெலிகிராம் வழியாகத் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை கிடைத்திருக்கிறது. மாதம் 80,000 ரூபாய், டிக்கெட் அவர்களே போடுகிறார்கள். அக்கா பயப்படுகிறாள். ஏமாறுவதெல்லாம் படிக்காதவர்கள்தான், இவன் விவரமானவன் என்று தைரியம் சொல்லியிருக்கிறேன்.

ச., விருதுநகர்

அன்புள்ள ச.,

கடிதம் வந்த அன்றே பையனை நிறுத்தச் சொல்லி இரண்டு வரி எழுதினேன். ஏன் என்று கேட்டிருந்தீர்கள். மற்றவர்களும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

தானம் என்ற பேச்சை விடுங்கள். வெளிநாட்டுப் பணத்தில் ஓலைக் குடிசைகள் மாடி வீடானதைப் பார்த்து வளர்ந்தவன் நான். போகிறவர்கள் போகட்டும். குறையுமா கூடுமா என்பதை இன்னொரு நாள் பேசலாம். எனக்குக் கோபம் வந்தது உங்கள் கடைசி வரியில்.

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாவது பாஸ் செய்யாதவர் பாஸ்போர்ட்டில் பொதுவாக ஈ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை, என்று இருக்கும். அவர் வளைகுடா, மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும். வேலை ஒப்பந்தத்தைக் கேட்பார்கள், 10 லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு எடுக்கச் சொல்வார்கள். பத்தாவது பாஸ் என்றால் இதெல்லாம் கிடையாது. இவன் படித்தவன், தன்னைத் தானே பார்த்துக்கொள்வான் என்று அரசும் உங்களைப் போலவே நினைத்துக்கொள்கிறது.

2022 செப்டம்பரில் வெளியுறவுத் துறை விட்ட எச்சரிக்கையைப் படித்தீர்களா? தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று சமூக ஊடக விளம்பரம், துபாயிலும் இந்தியாவிலும் ஏஜென்ட்டுகள். போனவர்களை எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தி, ஆன்லைன் மோசடி செய்ய அடைத்து வைத்தார்கள். குறிவைக்கப்பட்டது கணினி தெரிந்த இளைஞர்களை. மியான்மர் எல்லை ஊரான மியாவதியிலிருந்து மீட்கப்பட்டு வந்தவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. லாவோசில் இதே கதை. அங்குள்ள நம் தூதரகம் சொன்னது, ஒரு சின்ன நேர்காணலும் டைப்பிங் டெஸ்ட்டும் வைத்து ஆள் எடுக்கிறார்கள் என்று. உங்கள் பையனுக்கும் டைப்பிங் டெஸ்ட் வைத்தார்களா, கேளுங்கள். அதில் பாஸானதும் தன் திறமைக்குக் கிடைத்த வேலை என்றுதானே அவனுக்குத் தோன்றும்? அப்புறம் யாரிடம் போய் விசாரிப்பான்?

படித்தவனுக்கு 'எனக்கு இது தெரியாது' என்று சொல்ல வாய் வராது. இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை.

1994. ராமநாதபுரம் பக்கம் எங்கள் தெரு. நான் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் வருடம். எதிர்வீட்டு லாரி டிரைவரைத் தெருவே மாமா என்று கூப்பிடும். சவுதிக்கு விசா வந்துவிட்டது என்று அத்தனை தாளையும் மஞ்சள் பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது: ஹவுஸ் டிரைவர், 800 ரியால். திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துக் காட்டினேன். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசாவில் முக்கியமானதெல்லாம் அரபியில். எனக்கு அதில் ஒரு எழுத்து தெரியாது. தெரியாது என்று சொல்லவில்லை. "எல்லாம் சரியா இருக்கு மாமா" என்றேன். அத்தை வளையலை அடகு வைத்துக் கொடுத்தார்.

ஐந்து மாதம் கழித்து மாமாவின் கடிதம் வந்தது. பாலைவனத்தில் கூடாரம், நூற்றுக்கு மேல் ஆடு. வண்டிச் சாவியைக் கண்ணால் பார்க்கவில்லை. அத்தை விசாவின் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு என் முன் வந்து நின்றார். நாங்கள் நாலு தெரு தள்ளியிருந்த பள்ளிவாசலுக்குப் போனோம். அங்கே ஓதிக்கொடுக்கும் ஹஸ்ரத் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு சொல்லின் கீழே விரலை வைத்தார். 'ராஈ'. ஆடு மேய்ப்பவர். உங்களில் ஒவ்வொருவரும் மேய்ப்பரே என்று நபிமொழியில் வருகிற அதே சொல், ஓத வருகிற பிள்ளைகளைக் கேட்டாலே சொல்லியிருப்பார்கள் தம்பி என்றார்.

நாலு தெரு, ச. நடந்தால் பத்து நிமிடம்.

மாமா இரண்டு வருடம் கழித்துத் திரும்பினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் இன்று உங்களிடம் இத்தனை காட்டமாக எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ.

சரி, பையனிடம் இருப்பது என்ன விசா என்று பாருங்கள். தாய்லாந்தில் இறங்கியபின் வாங்குகிற விசாவில் வேலை செய்ய முடியாது. ஏஜென்ட்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள்; வெளியுறவுத் துறையின் இமைகிரேட் தளத்தில் அது இருக்கிறதா என்று அவனையே தேடச் சொல்லுங்கள். எண் கொடுக்கத் தயங்கினால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

அக்கா பயந்தது சரி என்று அவரிடம் நீங்களே சொல்லுங்கள். பையனை நீங்கள் திட்ட வேண்டாம், நானும் திட்டமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள். எல்லாத் தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிடட்டும்.

அன்புடன்.