கருங்கரடி எதிர்ல வந்தா என்ன பண்ணணும்? (எங்கப்பாவோட ஸ்மோக்கி மவுண்டன்ஸ் போன கதை)

கேள்வி: அமெரிக்காவுல ஹைக்கிங் போறப்ப கருங்கரடி எதிர்ல வந்தா என்ன செய்யணும்? ஓடலாமா, மரத்துல ஏறிக்கலாமா, இல்ல செத்த மாதிரி படுத்துக்கலாமா?

மூணுமே வேணாங்க. சின்ன வயசுல ரெண்டு நண்பர்கள் கதை படிச்சோம்ல, ஒருத்தன் மரத்துல ஏறிப்பான், இன்னொருத்தன் மூச்சை அடக்கிட்டு படுத்துப்பான், அமெரிக்கக் கருங்கரடிகிட்ட அந்த ரெண்டு ஐடியாவும் செல்லாது. மரம் ஏறுறதுல அது நம்மளவிட கில்லாடி, குட்டியிலயே சரசரன்னு ஏறிரும். ஓடினா மணிக்கு 50 கிலோமீட்டர் கிட்ட துரத்தும். செத்த மாதிரி படுக்கறது ஏன் தப்புன்னு கொஞ்சம் தள்ளி சொல்றேன்.

நான் நார்த் கரோலினாவுல சார்லட்ல 9 வருஷமா இருக்கேன். இங்கிருந்து நாலு மணி நேரம் போனா கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் நேஷனல் பார்க், அந்தப் பார்க்குல மட்டும் சுமாரா 1900 கருங்கரடி இருக்குன்னு பார்க்காரங்களே சொல்றாங்க, அதாவது ஒரு சதுர மைலுக்கு ரெண்டு. பார்க்கோட டென்னசி பக்கம் கேட்ஸ் கோவ்னு ஒரு பள்ளத்தாக்கு, அதைச் சுத்தி 11 மைலுக்கு ஒன்வே ரோடு, எங்கயாவது ஒரு கரடி தலை தெரிஞ்சா போதும், முன்னாடி போற அத்தனை காரும் நடு ரோட்டுல நின்னுரும், ஜனங்க போனைத் தூக்கிட்டு எறங்கி ஓடுவாங்க பாருங்க, கரடிய விட இவங்கள பாத்தா தான் பயமா இருக்கும். 50 கஜத்துக்குள்ள, அதாவது 150 அடிக்குள்ள வேணும்னே கிட்ட போனா அங்க சட்டப்படி குற்றம்.

அப்பா அம்மா விசிட்டர் விசாவுல வந்திருந்தப்ப கூட்டிட்டுப் போனேன். ஜூன் மாசம், காலையில ஏழரை இருக்கும், அங்க ஏப்ரம்ஸ் ஃபால்ஸ்னு ஒரு அருவிக்குப் போற டிரெயில்ல நான், வைஃப், அப்பா மூணு பேரும் நடக்கிறோம், அம்மா முழங்கால் வலின்னு கேபின்லயே இருந்துட்டாங்க. ஒரு வளைவு திரும்பறோம், சடசடன்னு கட்டை ஒடையற சத்தம். பாதைக்குக் கீழ்ப்பக்கம் 40 அடி கூட இருக்காது, விழுந்து மக்கிப்போன ஒரு மரத்தை முன்னங்காலால உரிச்சு உரிச்சு உள்ள இருக்கற எறும்போ புழுவோ நக்கிட்டு இருக்கு, வாழைமட்டைய உரிக்கிற மாதிரி அவ்ளோ ஈஸியா. ஒடம்பு பூரா கறுப்பு, மூஞ்சி மட்டும் செம்பழுப்பு, மூக்கு நுனியில மரத்தூள் ஒட்டியிருந்தது கூட இன்னும் ஞாபகம் இருக்கு.

எங்களப் பாத்ததும் பின்னங்கால்ல எழுந்து நின்னுச்சு. சினிமாவுல இப்படி நின்னா அடுத்து பாயும்னு காட்டுவாங்க, நிஜத்துல அது நல்லா பாக்கறதுக்கும் மோப்பம் பிடிக்கறதுக்கும் தான் எழுந்து நிக்குது. அப்பறம் கீழ எறங்கி "ஃபூ, ஃபூ"ன்னு மூச்சை ஊதுச்சு, பல்லை டக் டக்னு அடிச்சுது, முன்னங்காலால தரையில பொத்துன்னு ஒரு அறை, ரெண்டு எட்டு எங்க பக்கம் பாஞ்சு வந்து சடக்குன்னு நின்னுருச்சு. அப்பா என் சட்டைய பின்னாடி புடிச்சுக்கிட்டு "கண்ணு, ஓடாத, ஓடாத"ங்கறாரு, குரல் கம்மியா வருது.

ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கினேன், வைஃபையும் அப்பாவையும் பக்கத்துல ஒட்டி நிக்க வச்சேன், மூணு பேரும் சேந்தா பெருசா தெரியும்ல. கத்தணும்னு படிச்சிருக்கேன், ஆனா அந்த நேரத்துல இங்கிலீஷே வரல, "ஏய்! போ! போடா அந்தப் பக்கம்!"னு தான் வந்துச்சு, டென்னசி கரடிக்கு நல்லாவே புரிஞ்சுது. முதுகைக் காட்டாம அடி அடியா பின்னால நகர்ந்தோம். அது கொஞ்ச நேரம் பாத்துட்டு திரும்ப கட்டைய உரிக்கப் போயிருச்சு. ஃபால்ஸ் பாக்கல, அப்படியே திரும்பிட்டோம், கார்ல உக்காந்தப்பறம் தான் எனக்கு கால் நடுங்க ஆரம்பிச்சுது.

இதுல முக்கியமான விஷயம் என்னன்னா, ஊதறது, பல்லடிக்கறது, பாயற மாதிரி வந்து நிக்கறது எல்லாமே "எனக்குப் பயமா இருக்கு, நீ தள்ளிப் போ"ன்னு அர்த்தம். சத்தம் போடுற கருங்கரடி அநேகமா அடிக்காது. சத்தமே இல்லாம, உங்க மேல வச்ச கண்ணை எடுக்காம, நீங்க நகர நகர பின்னாடியே வருது பாருங்க, அதுதான் ஆபத்து, ஏன்னா அது உங்கள இரையா பாக்குது. ஸ்டீபன் ஹெரேரோன்னு கனடாவுல கரடி ஆராய்ச்சியாளர் ஒருத்தர், அவர் டீம் 2011ல ஒரு கட்டுரை போட்டாங்க, 1900ல இருந்து 2009 வரைக்கும் வட அமெரிக்கா பூரா காட்டுக் கருங்கரடியால செத்தவங்க 63 பேர். 110 வருஷத்துக்கு அவ்ளோதான். ஆனா அதுல பத்துக்கு ஒம்போது கிட்ட இரை தேடி வந்த கரடி, அதுவும் பெரும்பாலும் ஒத்தை ஆண் கரடி, எல்லாரும் பயப்படற குட்டி போட்ட தாய் கரடி இல்ல. இப்ப புரியுதா செத்த மாதிரி ஏன் படுக்கக் கூடாதுன்னு? திங்க வந்தவன் முன்னாடி தட்டுல போய் நாமளே உக்காந்த மாதிரி ஆயிரும். கல்லு, கட்டை, தண்ணி பாட்டில், எது கையில கிடைக்குதோ அதால மூஞ்சியிலயும் மூக்குலயும் அடிச்சு சண்டை போடணும். ராத்திரி டென்ட்டுக்குள்ள பூந்தாலும் அதேதான்.

இது கருங்கரடிக்கு மட்டும். மேற்கால யெல்லோஸ்டோன், கிளேசியர் பார்க் பக்கம் கிரிஸ்லின்னு இன்னொரு வகைக் கரடியும் இருக்கு, அதுக்குத் தோள்ல திமில் மாதிரி ஒரு மேடு இருக்கும், கலரை வச்சு முடிவு பண்ணாதீங்க, கருங்கரடியிலயே பழுப்பு, செம்பட்டைன்னு நிறைய உண்டு. பயந்துபோய் தாக்குற கிரிஸ்லி மேல வந்து விழுந்தா குப்புறப் படுத்து ரெண்டு கையாலயும் பின்கழுத்தை மூடிக்கணும், கதையில வர்ற ஐடியா அங்க ஓரளவுக்கு செல்லும்.

எங்கப்பா கோத்தகிரியில டீ எஸ்டேட்ல முப்பது வருஷம் வேலை பாத்தவரு. நான் கரடிய பாத்து கத்துனதுக்கு அன்னிக்கு பூரா திட்டினாரு. அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, நம்ம நீலகிரிக் கரடி வேற சாதி, புலி சிறுத்தையோட ஒரே காட்டுல வளர்ந்தது, திடீர்னு கிட்டத்துல பாத்தா ஓடறதை விட மேல விழுந்து பிராண்டறது தான் அதுக்குப் பழக்கம், மூஞ்சி மண்டைன்னு பாக்காது. அதனால அப்பா விடிகாலையில வேலைக்குப் போறப்ப வளைவுக்கு முன்னாடியே குச்சியால தட்டிக்கிட்டு சத்தமா பேசிக்கிட்டே போவாரு, அதுக்கு முன்கூட்டியே தெரிஞ்சுட்டா ஒதுங்கிரும். ஊர்ல இருக்கறவங்க இதைப் படிச்சுட்டு கோத்தகிரியில கரடி முன்னாடி கையத் தூக்கிட்டு நிக்காதீங்க சாமி. ஆனா அந்த சத்தம் போட்டு நடக்கற பழக்கம் ரெண்டு ஊருக்கும் பொது, நாங்க அன்னிக்கு பேசாம நடந்தது தான் தப்பு.

பேர் ஸ்ப்ரே (bear spray), அதாவது பாஞ்சு வர்ற கரடி மேல அடிக்கற ஸ்ப்ரே, அதைப் பத்தி ரெண்டு வார்த்தை. மிளகாய்க் காரம் தான், ஆனா நல்ல சரக்கு. இடுப்புல தொங்கணும், பேக்குக்குள்ள இருந்தா பிரயோஜனம் இல்ல, எங்களோடது அன்னிக்கு பேக்குக்குள்ள தான் இருந்துச்சு. கரடி ஒரு 30-60 அடி தூரத்துல வர்றப்பவே கொஞ்சம் கீழ்வாக்குல அடிக்கணும். கொசு மருந்து மாதிரி டென்ட் மேல, புள்ளைங்க மேல அடிக்கறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம். ஃப்ளைட்ல செக்-இன் பெட்டியில கூட விட மாட்டாங்க, போற ஊர்ல வாங்கிக்கோங்க. கலிஃபோர்னியாவுல இருக்கற யோசெமிட்டி பார்க்குல ஸ்ப்ரேயே தடை, அங்க சாப்பாட்டை கரடி திறக்க முடியாத டப்பாவுலயும் இரும்பு லாக்கர்லயும் வைக்கச் சொல்லுவாங்க.

சாப்பாடுன்னதும் மீதிக் கதைய சொல்லிடறேன். காட்டுல இவ்ளோ வீரம் காட்டினவன், அன்னிக்கு ராத்திரி காரை லாக் பண்ணாம தூங்கிட்டேன். கேபின் கதவுலயே "காரைப் பூட்டுங்க, உள்ள சாப்பாடு வைக்காதீங்க"ன்னு ஒட்டியிருந்துச்சு, பாத்தேன், படிக்கல. பின் சீட்டுல அம்மாவோட முறுக்கு டப்பா, மத்தியானம் மிச்சமான புளியோதரை. காலையில அஞ்சு மணிக்கு ஹாரன் சத்தம். ஜன்னல் வழியா பாத்தா காருக்குள்ள டோம் லைட் எரியுது, உள்ள கறுப்பா ஒண்ணு உக்காந்திருக்கு. கைப்பிடிய இழுத்துத் தொறக்கற டைப் கதவெல்லாம் அந்த ஏரியா கரடிங்களுக்கு அத்துப்படி. நல்லவேளை பின் கதவு தானா மூடிக்கல, மூடியிருந்தா உள்ள மாட்டிக்கிட்டு காரையே நார் நாரா கிழிச்சிருக்கும். நாங்க வெளிய போகல, உள்ள இருந்தே தட்டு கரண்டிய வச்சு தட்டினோம், அது பொறுமையா எறங்கி ரோட்டுப் பக்கம் போச்சு. சீட்டு கிழிஞ்சு போச்சு, டோர் பேனல் காலி, கைப்பிடி மேல மண்ணும் எச்சிலும். இன்ஷூரன்ஸ்ல காம்ப்ரிஹென்சிவ் போட்டிருந்ததால காசு கிடைச்சுது.

ஆனா ஒரு தடவை காருக்குள்ள சாப்பாடு கிடைச்ச கரடி அடுத்த காரையும் தொறக்கும், அப்பறம் வீட்டையும், கடைசில மனுஷனுக்கு பயப்படாத கரடின்னு ஒரு நாள் புடிச்சு கொன்னுருவாங்க. இங்க சோறு போட்ட கரடி செத்த கரடின்னு சொல்லுவாங்க. அம்மா ஊருக்குப் போயும் போன்ல கேட்டாங்க, "அந்தக் கரடிய ஒண்ணும் பண்ணலயில்ல?"ன்னு. "ஒண்ணும் பண்ணலம்மா"ன்னு தான் சொல்லி வச்சிருக்கேன்.