நூலகர் வகுப்பெடுக்க வந்தால்: கேள்வி பதில்

பல்கலைக்கழக நூலகத்தில் 18 ஆண்டுகளாக இருக்கிறேன். புத்தக அடுக்குகளுக்கு நடுவே இருந்ததைவிட வகுப்பறைகளில் நின்ற நேரம்தான் அதிகம். ஆதாரம் தேடவும் அதை எடைபோடவும் மாணவர்களுக்குச் சொல்லித்தருவது பற்றி வந்த கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, முடிந்தவரை எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறேன்.

நூலகராகச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது மேடம். முதலாண்டு ஓரியன்டேஷனில் ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். 200 பேர். நான் பேசப் பேசப் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கே தப்பு?

தேதியில். முதல் வாரத்தில் யாருக்கும் எதையும் தேட வேண்டிய அவசியமே இல்லை. பசிக்காதவர்களுக்குப் பந்தி விரித்திருக்கிறீர்கள். நானும் ஆறு வருடம் அதையேதான் செய்தேன். நூலக நேரம், எத்தனை புத்தகம் எடுக்கலாம், தாமதமானால் என்ன அபராதம், அப்புறம் ஒரே ஸ்லைடில் 14 டேட்டாபேஸ்களின் பெயர். மூன்று மாதம் கழித்து அதே பிள்ளைகள் கவுன்ட்டருக்கு வந்து, “ஜர்னல் ஆர்ட்டிகிள்னா என்ன மேடம்?” என்பார்கள்.

இப்போது ஓரியன்டேஷனில் பத்து நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை. என் முகமும் என் மேசை இருக்கும் இடமும் தெரிந்தால் சரி. மீதி 50 நிமிடத்தை அந்தந்த ஆசிரியரிடம் கடனாகச் சொல்லி வைத்து, அசைன்மென்ட் கொடுத்த மறுவாரம் வசூலித்துக்கொள்கிறேன். அப்போது அவர்கள் கையில் தலைப்பு இருக்கும், கெடு இருக்கும், கொஞ்சம் பயமும் இருக்கும். போன் தானாகப் பைக்குள் போய்விடும்.

நான் பொருளாதாரம் நடத்துகிறேன். பாடத்தை முடிக்கவே நேரமில்லை. இதில் நூலகத்துக்கு ஒரு வகுப்பைத் தாரை வார்க்கச் சொல்கிறீர்களா?

வகுப்பு வேண்டாம் சார். அசைன்மென்ட் தாளை முன்கூட்டியே எனக்குக் காட்டுங்கள், அதுவே பெரிய உதவி.

பெரும்பாலான தாள்களில் இருப்பது மூன்றே வரி: 2000 சொற்களில் கட்டுரை, குறைந்தது 10 ஆதாரங்கள், கடைசித் தேதி இது. மாணவர் என்ன செய்கிறார்? கடைசி இரவில் கட்டுரையை எழுதி முடித்துவிட்டு, அதற்கு ஒட்டவைக்க 10 ஆதாரம் தேடுகிறார். வீட்டைக் கட்டி முடித்துவிட்டு அஸ்திவாரம் தேடும் கதை. ஐந்தாவதாகக் கிடைத்த கட்டுரையின் சுருக்கத்துக்குமேல் ஒரு வரி படித்திருக்க மாட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, தாள் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்.

நான் கேட்டுக்கொள்வது ஒரே ஒரு மாற்றம். நான்காவது வாரத்தில் அரைப் பக்கம் வாங்குங்கள். என்ன கேள்விக்கு விடை தேடுகிறேன், கண்டெடுத்த மூன்று ஆதாரங்கள் எவை, ஒவ்வொன்றும் எதற்கு உதவும். கூடவே, எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்று ஒதுக்கிய ஓர் ஆதாரம், ஒதுக்கியதற்குக் காரணம். இந்த நாலாவதில்தான் என் தந்திரம் இருக்கிறது. எடுத்துக்கொண்டதை எங்கிருந்தாவது காப்பியடிக்கலாம். ஒதுக்கியதற்கான காரணத்தைச் சொல்ல, அதைக் கொஞ்சமாவது படித்திருக்க வேண்டும். ஒரு மாணவர் இப்படி எழுதியிருந்தார்: “அறிக்கை நன்றாக இருக்கிறது. ஆனால் இதற்குப் பணம் கொடுத்தது அந்தத் தொழிலின் சங்கமே. அட்டவணையை வைத்துக்கொண்டேன், முடிவுரையை விட்டுவிட்டேன்.” ஒரு மணி நேரம் தொண்டை வறளப் பேசியிருந்தாலும் இதை என்னால் கற்றுக்கொடுத்திருக்க முடியாது.

60 பேர் என்றால் 60 அரைப் பக்கம். பாதியை நான் படித்துத் தருகிறேன். இதைச் சொன்னதும் பல ஆசிரியர்கள் முகம் மலர்ந்திருக்கிறது.

ஒரே ஒரு வகுப்பு எடுப்பது, செமஸ்டர் முழுக்கப் பாடத்தோடு ஒட்டியிருப்பது, தனிப் பாடமாகவே நடத்துவது: இதில் எது நல்லது?

ஒட்டியிருப்பது. தனிப் பாடத்துக்கு மதிப்பெண் உண்டு, நேரம் உண்டு. ஆனால் தேடுவதற்கென்று சொந்த விஷயம் கிடையாது. எதைத் தேடுவது என்று தெரியாமல் தேடக் கற்பது, தண்ணீரில்லாக் குளத்தில் நீச்சல் பழகுவதுதான். பாடத்தோடு ஒட்டினால் தேடலுக்குக் காரணம் இருக்கும்.

இது புதிய யோசனையும் அல்ல. அமெரிக்காவின் மான்டீத் கல்லூரியில் பட்ரீசியா நாப் 1960களின் தொடக்கத்திலேயே நூலகப் பயிற்சிகளை வெவ்வேறு பாடங்களுக்குள் புகுத்திப் பார்த்தார். அதே பத்தாண்டில் எர்ல்ஹாம் கல்லூரியில் இவான் ஃபார்பர், ஆசிரியரோடு சேர்ந்து அசைன்மென்டை ஒட்டியே வகுப்பெடுக்கும் முறையை வேரூன்ற வைத்தார். இன்றைக்கும் நாம் மன்றாடிக்கொண்டிருப்பது அதற்காகத்தான்.

ஒரே வகுப்புதான் கிடைக்கிறது என்றால் அதையும் விடாதீர்கள். ஆனால் அந்த ஒரு மணியில் ஒரே ஒரு விஷயம். இரண்டாவதை எடுத்தால் முதலாவதும் போய்விடும்.

மாணவன் பேசுகிறேன். எல்லாம் கூகுளில் கிடைக்கிறதே, நூலகர் புதிதாக என்ன சொல்லித்தரப் போகிறார்?

கிடைக்கிறது தம்பி. எந்தச் சொல்லைப் போட்டுக் கேட்கிறாய் என்பதில்தான் சிக்கல்.

போன செமஸ்டர் ஒரு வகுப்பு. ஒரு பெண் தன் அசைன்மென்ட் தலைப்பை அப்படியே ஆய்வுத் தரவுத்தளத்தில் தட்டினாள்: “சமூக ஊடகப் பயன்பாடு இளைஞர்களின் மனநலத்தில் ஏற்படுத்தும் தாக்கம்”. ஆங்கிலத்தில்தான், ஆனால் முழு வாக்கியமாக. இரண்டே முடிவுகள், இரண்டும் சம்பந்தமில்லாதவை. “இந்தத் தலைப்பில் யாருமே ஆராய்ச்சி பண்ணலை மேடம்” என்றாள், கொஞ்சம் பெருமையோடு.

பலகையில் மூன்று கட்டம் போட்டேன். முதல் கட்டத்தில் ஊடகம்: எந்தத் தளம், எத்தனை மணி நேரம், பார்ப்பதா, பதிவிடுவதா? இரண்டாவதில் ஆட்கள்: யூத், டீனேஜர், அடலசென்ட், காலேஜ் ஸ்டூடன்ட். இவை நாலும் ஒரே ஆட்கள் இல்லை, வயது மாறுகிறது. மூன்றாவதில் மனநலம்: அது மிகப் பெரிய சொல், அதற்குள் தூக்கம், பதற்றம், தனிமை, மனச்சோர்வு என்று எத்தனையோ. வகுப்பே சேர்ந்து நிரப்பியது. ஒரே கட்டத்துக்குள் இருக்கும் சொற்களுக்கு நடுவே “ஆர்” (எது வந்தாலும் சரி), கட்டங்களுக்கு நடுவே “அண்ட்” (எல்லாக் கட்டமும் சேர்ந்தே வரவேண்டும்). இப்போது ஆயிரக்கணக்கில் கொட்டியது. “ஐயோ!” என்றாள். அங்கேதான் பாடம் ஆரம்பம். எதைக் கழிப்பது? தூக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டாள். கல்லூரி மாணவர்கள் மட்டும். படிக்கக்கூடிய எண்ணிக்கைக்கு வந்தது. அவளுடைய தலைப்பே அந்த 20 நிமிடத்தில் மாறிப்போனது.

இதில் எந்த பட்டனை அழுத்துவது என்று நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

மருத்துவ, நர்சிங் மாணவர்களுக்கும் இதே கட்டம்தானா?

அவர்களுக்கு நாலு கட்டம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது: நோயாளி யார், என்ன சிகிச்சை, எதோடு ஒப்பிடுகிறோம், என்ன விளைவு. பிக்கோ என்பார்கள். கூடவே பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுத் தரவுத்தளத்தில் கட்டுரைகளை வகைப்படுத்தும் மெஷ் சொற்களைக் காட்டிவிடுங்கள்.

ஏசிஆர்எல் சட்டகத்தின் ஆறு கருத்துகளை மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?

விளக்காதீர்கள். அது நூலகர்களான நமக்காக எழுதியது.

தெரியாதவர்களுக்கு: “தகவல் எழுத்தறிவு”, அதாவது தேவையான தகவலைத் தேடி, எடைபோட்டு, பயன்படுத்தும் திறன் என்ற பேச்சை 1974இல் பால் சர்க்கோவ்ஸ்கி தொடங்கிவைத்தார். அமெரிக்கக் கல்லூரி, ஆராய்ச்சி நூலகங்களின் சங்கம் (ஏசிஆர்எல்) 2000இல் அதற்குத் தர அளவுகோல்கள் வகுத்தது. மாணவருக்கு இது தெரியுமா, அது தெரியுமா என்று டிக் அடிக்கிற பட்டியல். 2016இல் அதை விலக்கிவிட்டு ஆறு கருத்துகள் கொண்ட சட்டகத்துக்கு மாறினார்கள். புலமை என்பது ஓர் உரையாடல், தகவலுக்கு விலையுண்டு, ஒரு விஷயத்தைப் பற்றிச் சொல்ல ஒருவருக்குள்ள தகுதி சூழலைப் பொறுத்தது என்பதெல்லாம் அதில் வருவதுதான். படிக்க அழகாக இருக்கும். ஸ்லைடில் போட்டால் வகுப்பு தூங்கிவிடும்.

உரையாடல் என்பதை மட்டும் எப்படிக் கொண்டுபோகிறேன் என்று சொல்கிறேன். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் மற்றவர்களும் 1998இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை, 2004இல் கூட்டாசிரியர்களில் 10 பேர் அந்த விளக்கத்திலிருந்து விலகிக்கொண்ட அறிவிப்பு, நடுவில் வந்த பெரிய ஆய்வுகள் இரண்டு, 2010இல் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்ற அறிவிப்பு. எல்லாவற்றையும் அச்செடுத்து, தேதிகளைக் கறுப்பு மையால் அழித்துவிட்டு, மேசைக்கு ஒரு கட்டாகக் கொடுப்பேன். வரிசைப்படுத்துங்கள் என்பதுதான் வேலை. எது எதற்குப் பதில் சொல்கிறது என்று படித்தால்தான் வரிசை வரும். முதல் கட்டுரை 12 குழந்தைகளை மட்டுமே வைத்து எழுதப்பட்டது என்பதை எந்த மேசையாவது கண்டுபிடித்துக் கத்தும். பிறகு ஒரு கேள்வி போடுவேன்: திரும்பப் பெற்ற கட்டுரையை இன்னும் மேற்கோள் காட்டுகிறார்களே, ஏன்? மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள்.

இணையதளத்தை மதிப்பிட கிராப் பட்டியலைத்தான் சொல்லித்தருகிறோம். போதுமா?

போதாது. புதுமை, பொருத்தம், எழுதியவரின் தகுதி, துல்லியம், நோக்கம் என்று அந்தப் பக்கத்தையே உற்று உற்றுப் பார்க்க வைக்கிறது அது. ஏமாற்ற நினைப்பவர் பக்கத்தை அழகாகத்தான் செய்திருப்பார். ஸ்டான்ஃபோர்டின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், வரலாற்றுப் பேராசிரியர்களும் மாணவர்களும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட, தொழில்முறை உண்மை சரிபார்ப்பவர்கள் சட்டென்று வேறு டேப்களைத் திறந்து, அந்தத் தளத்தை நடத்துபவரைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். அதையே பழக்குங்கள். பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளையிடமே கேட்டு முடிவெடுப்போமா என்ன?

ஏஐ கொடுக்கும் மேற்கோள்களோடு வருகிறார்கள். தடை செய்யச் சொல்லிவிடலாமா?

தடை போட்டால் உங்களிடம் காட்ட மாட்டார்கள், அவ்வளவுதான் நடக்கும். நான் அதையே பயிற்சியாக்கிவிட்டேன்.

ஒரு முதுகலை மாணவர் ஒரு கட்டுரையை எங்கேயும் கிடைக்கவில்லை, வரவழைத்துத் தாருங்கள் என்று வந்தார். ஆசிரியர் பெயர் நிஜம், அந்தத் துறைக்காரர்தான். இதழ் நிஜம், எங்களிடமே இருக்கிறது. குறிப்பிட்ட ஆண்டின் தொகுதியைப் பிரித்து, சொன்ன பக்கத்துக்குப் போனோம். வேறு யாரோ எழுதிய கட்டுரையின் நட்ட நடுப் பக்கம் அது. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இப்போது அந்தத் துறை வகுப்புகளில் ஏஐயிடம் ஐந்து மேற்கோள் வாங்கி, ஒவ்வொன்றும் உண்மையில் இருக்கிறதா, இருந்தால் சொன்னதைச் சொல்கிறதா என்று பார்க்கவைக்கிறோம். இரண்டாவது பாதிதான் கடினம். 2023இல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5000 டாலர் அபராதம் விழுந்த கதையையும் சொல்வேன். சட்ட மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எல்லாத் துறைக்கும் மெயில் போட்டேன். ஒருவரும் பதில் எழுதவில்லை. எங்களை ஆசிரியராகவே மதிப்பதில்லை.

வலிக்கத்தான் செய்யும். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், ஆசிரியர் விடுப்பு எடுத்த நாளில் வகுப்பைப் பார்த்துக்கொள்ள மட்டும்தான் என்னைக் கூப்பிடுவார்கள். போனேன், வேறு என்ன செய்ய?

எல்லாருக்கும் எழுதும் மெயில் யாருக்கும் எழுதாத மெயில். ஒரே ஒருவரைப் பிடியுங்கள். மாணவர்களின் ஆதாரப் பட்டியலைப் பார்த்து எரிச்சலடைபவர் துறைக்கு ஒருவராவது இருப்பார். “நூலகத்தை அறிமுகம் செய்கிறேன்” என்று போகாதீர்கள், “உங்கள் பிள்ளைகள் போன முறை எழுதிய பட்டியலைப் பார்க்கலாமா?” என்று போங்கள். அவருடைய வகுப்பில் நல்லது நடந்தால் துறைக் கூட்டத்தில் அவரே சொல்வார். நீங்கள் சொன்னால் விளம்பரம், அவர் சொன்னால் சாட்சி. பாடத்திட்டக் குழுவில் நூலகருக்கு ஓர் இடம் கேட்பதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒருத்தன், மாணவர்கள் 3000 பேர். எப்படி?

முடியாது. முயலவும் வேண்டாம். ஒவ்வொரு துறையிலும் எல்லாரும் படித்தே ஆகவேண்டிய, எழுத்துவேலை உள்ள ஒரு பாடத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஆதாரக் குறிப்பு எழுதும் முறை, ஆதாரங்களைச் சேகரித்து வைக்கும் சோட்டிரோ மென்பொருளை நிறுவுவது போன்றவற்றைச் சின்னச் சின்ன வீடியோவாக்கிப் பாடப் பக்கத்தில் போட்டுவிடுங்கள். உங்களுடைய பலகைக் கட்டத்தை ஆசிரியர்களுக்கே கற்றுக்கொடுத்துவிடுங்கள். அப்படிக் கற்றுக்கொண்டு என்னைவிட நன்றாக நடத்தும் ஆசிரியர்கள் இருவர் உண்டு எனக்கு.

கற்றார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிர்வாகம் எண்ணிக்கை கேட்கிறது.

நிர்வாகத்துக்கு வருகைப் பதிவைக் கொடுங்கள், அது அவர்களுக்குப் போதும். உங்களுக்காக, வகுப்பு முடியும்போது துண்டுச் சீட்டில் ஒரு வரி வாங்குங்கள்: இன்னும் புரியாதது என்ன? செமஸ்டர் முடிந்ததும் 20 கட்டுரைகளின் ஆதாரப் பட்டியலையும், அந்த ஆதாரம் கட்டுரைக்குள் வரும் பத்தியையும் சேர்த்துப் படியுங்கள். பட்டியல் மட்டும் பொய் சொல்லும். பத்தியில் தெரிந்துவிடும், படித்தாரா ஒட்டினாரா என்று.

மூன்றாம் ஆண்டு படிக்கிறேன் மேடம். இப்போது போய் “தேடத் தெரியவில்லை” என்று நூலகரிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தலைப்பு முடிவான பிறகு வரலாமா?

முடிவாவதற்கு முன்னால் வாம்மா. தலைப்பைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு தெம்பு வரும். தேட ஆரம்பித்ததும் எல்லாம் குழம்பி, நமக்கு இது வராது போலிருக்கிறது என்று தோன்றும். கரோல் குல்தாவ் என்ற ஆய்வாளர் 1980களிலிருந்து மாணவர்களைப் பின்தொடர்ந்து பார்த்து, அந்தக் குழப்பம் தேடலில் எல்லாருக்கும் வரும் ஒரு கட்டம் என்று காட்டினார். உனக்கு மட்டும் வந்ததில்லை.

அசைன்மென்ட் தாளைக் கொண்டு வா. இதுவரை தேடிப் பார்த்த சொற்களை, ஒன்றும் கிடைக்காதவற்றையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டு வா. காலையில் வந்தால் கூட்டம் இருக்காது.