விரல் மரத்துப்போனாலும் போடக்கூடிய முடிச்சு எது? தூண்டில்காரர் கேள்விகளுக்குப் பதில்

மஸ்கெலியாவில் பிறந்து மவுசாக்கலை நீர்த்தேக்கக் கரையில் தூண்டில் பிடிக்கப் பழகியவன் நான். தூண்டில் முள்ளுக்கும் லூருக்கும் (போலி இரைக்கும்) எந்த முடிச்சு நம்பகமானது, எதைச் சட்டென்று போடலாம் என்று பல பேர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நூல் நுழையும் ஓட்டையை, ஊசிக்குச் சொல்வதுபோல் 'காது' என்றே எழுதியிருக்கிறேன்.

நோர்வூட்டிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு விடியக்காலையில போயிடுவோம். பனியில விரல் மரத்துப்போகுது. ஒரே ஒரு முடிச்சுதான் பழகணும்னா எதைப் பழகலாம்?

யூனி முடிச்சு, தம்பி. யோசிக்கவே வேண்டாம்.

நூலைக் காதில் நுழைத்து ஒரு சாண் அளவு இழுங்கள். நுனியும் ரீலிலிருந்து வரும் நூலும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கட்டும். இப்போது நுனியைக் காதுப் பக்கமாகத் திருப்பி மடித்தால் ஒரு வளையம் வரும். அந்த வளையத்துக்குள்ளாகவே நுனியை விட்டு, இரண்டு நூலையும் சேர்த்து ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். எச்சிலாலோ தண்ணீராலோ நன்றாக நனைத்து நுனியை இழுத்தால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரும். பிறகு ரீல் பக்க நூலை மெதுவாக இழுங்கள். முடிச்சு வழுக்கிக்கொண்டு போய்க் காதில் உட்காரும். மூன்று மில்லிமீட்டர் விட்டு நுனியை நகம்வெட்டியால் வெட்டுங்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முள்ளையோ லூரையோ எந்த வளையத்துக்குள்ளும் நுழைக்க வேண்டியதில்லை. தங்கூசிக்கும் (ஒற்றை இழை நைலான் நூல்) சரி, உரசலைத் தாங்கும் ஃப்ளூரோகார்பன் நூலுக்கும் சரி, பிரெய்டுக்கும் (பின்னிய நூல்) சரி, இதே கைவேலைதான். பிரெய்ட் வழவழப்பானது என்பதால் அதற்கு மட்டும் ஏழெட்டுச் சுற்று வேண்டும். இரண்டு நூலை ஒட்டுவதற்கும், காது இல்லாத முள்ளில் கட்டுவதற்கும் இதே முடிச்சுத்தான் உதவும். குளிரில் மூளையும் மரத்துப்போகும். அந்த நேரத்தில் கை தானாகச் செய்கிற ஒன்று வேண்டும்.

ஹட்டனிலிருந்து: எல்லாரும் பலோமர்தான் பலம் என்கிறார்கள். நீங்கள் ஏன் அதை முதலில் சொல்வதில்லை?

பலம் என்பது உண்மை. பிரெய்டில் வெறும் முள் கட்டுகிற நாளில் நானும் பலோமர்தான் போடுவேன். நூலை இரட்டையாக மடித்துக் காதில் நுழைத்து, முள் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு சாதா முடிச்சைத் தளர்வாகப் போட்டு, மடிப்பின் வளையத்தை முள் முழுவதையும் தாண்டி மேலே கொண்டுவந்து, நனைத்து இறுக்கினால் முடிந்தது. பழகிய கைக்குப் பத்துப் பதினைந்து விநாடி போதும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், மூன்று கொக்கிகள் கொண்ட முள் இரண்டு தொங்குகிற லூரில். அந்த வளையத்துக்குள் அத்தனை முனைகளையும் நுழைக்கும்போது ஏதாவது ஒன்று விரலிலோ சட்டையிலோ மாட்டும். சின்ன முள்ளின் காதில் இரட்டை நூல் நுழையவும் செய்யாது. இன்னொன்று: இரண்டு நூலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் சமமாகக் கிடக்க வேண்டும். ஏறிவிட்டால் மேலே இருக்கும் நூல் கீழே இருப்பதை அறுக்கும். முடிச்சின் பலம் மொத்தமும் அங்கேயே போய்விடும்.

மஸ்கெலியாத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர்: தம்பி, நாங்க அந்தக் காலத்துல நூலை அஞ்சு சுத்து முறுக்கி, நுனியைக் காதுகிட்ட இருக்கிற ஓட்டைக்குள்ள விட்டு இழுப்போம். அது தப்பா?

தப்பே இல்லை, ஐயா. அதற்குக் கிளிஞ்ச் என்று பெயர். காதருகே உள்ள ஓட்டையில் விட்ட நுனியை, அப்போது உண்டாகிற பெரிய வளையத்துக்குள்ளும் ஒருமுறை விட்டு இழுத்தால் இன்னும் உறுதி. தங்கூசியில் நீங்கள் தாராளமாக அதையே தொடரலாம். பேரன் வாங்கி வந்த பிரெய்டில் மட்டும் வேண்டாம். பிரெய்டுக்குப் பிடிமானம் குறைவு, இழுக்க இழுக்க வழுக்கிக் கழன்றுவிடும். தடித்த தங்கூசி என்றால் சுற்றைக் குறையுங்கள், நான்கு போதும். நிறையச் சுற்றினால் சுற்றுகள் ஒழுங்காக உட்காராது.

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி: போன ஞாயிறு பெரிய கார்ப் ஒண்ணு இழுத்துட்டுப் போயிருச்சுண்ணே. முள்ளு போச்சு, நூல் வந்துச்சு. முடிச்சுல பிழையா, நூல்ல பிழையா?

வந்த நூலின் நுனியை வீசிவிடாதீர்கள் தம்பி, அதைப் பாருங்கள். பன்றிவால் மாதிரிச் சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கிக் கழன்றிருக்கிறது. சுற்றுக் குறைவு, அல்லது முழுதாக இறுக்கவில்லை. நுனி சுருளாமல் நேராக, முடிச்சு இருந்த இடத்திலேயே அறுந்திருந்தால், இறுக்கும்போது சூடேறிப் பழுதாகியிருக்கும், அல்லது நூல் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். முடிச்சுக்கு மேலே ஒரு முழம் தள்ளி, சொரசொரப்பாக, பிசிர்பிசிராக அறுந்திருந்தால் கல்லோ மரக்கட்டையோ உரசிய வேலை. அதற்கு முடிச்சைக் குறை சொல்லக் கூடாது.

எனக்கு இந்தப் பாடம் மவுசாக்கலையில் கிடைத்தது. அன்று மழை தூறிக்கொண்டிருந்தது, பக்கத்தில் மீன் துள்ளிக்கொண்டிருந்தது, அவசரத்தில் முடிச்சை நனைக்காமல் ஒரே இழுப்பில் இறுக்கினேன். காய்ந்த தங்கூசி தன்மேலேயே உரசும்போது சூடு பிறக்கும். அந்தச் சூட்டில் நைலான் பலம் இழந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. நான் அதுவரை தொட்டதிலேயே கனமான மீன் மூன்று தரம் தலையை உதறியது, அவ்வளவுதான். நூல் நேராக, முடிச்சிலேயே அறுந்து வந்தது. வாயில் முள்ளோடு போன அந்த மீனை நினைத்தால் இன்றைக்கும் மனது கஷ்டப்படும்.

அன்றிலிருந்து ஒன்றை மாற்றமாட்டேன்: நனைப்பேன், மெதுவாக இறுக்குவேன், பிறகு முள்ளை எதிலாவது மாட்டி, நூலைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பி வைத்து ஒரு இழு இழுத்துப் பார்ப்பேன். வெறும் கையில் பிரெய்டை இழுக்கவே கூடாது, கத்திபோல் வெட்டும்.

கம்பளையிலிருந்து: மீன் மாதிரியான லூரை இறுக்கிக் கட்டினால் நீந்துவதில்லை. என்ன செய்வது?

லூரின் மூக்கில் ஏற்கெனவே சின்ன இரும்பு வளையம் இருந்தால் அதில் யூனி போடுங்கள், லூர் தாராளமாக ஆடும். வளையம் இல்லையென்றால் முடிச்சு மூக்கை இறுக்கிப் பிடித்து ஆட்டத்தைக் கெடுக்கும். அப்போது தளர்வளைய முடிச்சு வேண்டும். நுனியிலிருந்து ஒரு சாணுக்கு மேலே ஒரு சாதா முடிச்சைத் தளர்வாகப் போட்டுக்கொண்டு, நுனியைக் காதில் நுழைத்து, அது வெளியே வந்த பக்கமாகவே அந்தச் சாதா முடிச்சுக்குள் திருப்பி விடுங்கள். ரீல் பக்க நூலைச் சுற்றி நான்கைந்து சுற்று. பிறகு அதே பக்கமாக மறுபடி சாதா முடிச்சுக்குள் விட்டு, நனைத்து இறுக்குங்கள். லூருக்கு முன்னால் ஒரு சின்ன வளையம் நிற்கும்.

அடிக்கடி லூர் மாற்றுகிறவர்களுக்குச் சின்ன ஸ்னாப் (திறந்து மூடும் கம்பிக் கொக்கி) போதும். பெரிய ஸ்னாப் சின்ன லூரின் தலையைக் கீழே இழுத்துவிடும். தவளை லூருக்கு இதெல்லாம் வேண்டாம், பலோமரே நல்லது.

பண்டாரவளையிலிருந்து ஓர் அக்கா: மகன் வாங்கி வந்த முள்ளில் காதே இல்லை, முனை தட்டையாக இருக்கிறது. கடையில் ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை அக்கா, அப்படியும் ஒரு வகை இருக்கிறது. நூலை முள்ளின் தண்டோடு ஒட்டி வைத்து, யூனிக்குச் சொன்ன அதே வளையத்தைப் போட்டு, தண்டையும் நூலையும் சேர்த்து ஆறேழு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். இறுக்கியதும் தட்டை முனை நூலைக் கழல விடாது. நூல் தண்டின் உட்பக்கமாக, கூர்முனையைப் பார்த்தபடி வெளியே வர வேண்டும். அப்போதுதான் இழுக்கும்போது முள் நேராகப் பாயும்.

மஸ்கெலியா: பிரெய்டின் முனையில் ஃப்ளூரோகார்பன் கட்டத்தான் வேண்டுமா?

மவுசாக்கலையில் கட்டாயம். அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது நம் எல்லாருக்கும் தெரியும். வரட்சியில் தண்ணீர் இறங்கினால் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தலைகாட்டும். கற்சுவரும் மரக்கட்டையும் அடியில் கிடக்கிற இடத்தில் பிரெய்ட் உரசினால் சட்டென்று போகும். இரண்டு நூலையும் எதிரெதிராக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு யூனி: பிரெய்டில் எட்டுச் சுற்று, ஃப்ளூரோகார்பனில் நான்கைந்து. இரண்டையும் இழுத்து முட்ட விடுங்கள்.

நுவரெலியாவிலிருந்து: எத்தனை நாளைக்கு ஒரு தரம் முடிச்சை மாற்ற வேண்டும்? ஹோர்ட்டன் சமவெளி ட்ரவுட் மீனுக்கு எந்த முடிச்சு?

நாள் கணக்கு வேண்டாம். ஒவ்வொரு நல்ல மீனுக்குப் பிறகும், கல்லில் சிக்கி மீட்டெடுத்த பிறகும், முள்ளிலிருந்து ஒரு முழத்தை இரண்டு விரலுக்கிடையில் உருவிப் பாருங்கள். சொரசொரப்புத் தட்டினால் அதுவரை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். வெட்டிய நூலைக் கரையில் போடாமல் சட்டைப்பையில் வையுங்கள், கொக்கின் காலில் சுற்றிக்கொள்ளும்.

ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா. அனுமதியில்லாமல் அங்கே தூண்டிலை எடுக்கவே வேண்டாம்.

பொகவந்தலாவையிலிருந்து ஓர் அம்மா: பத்து வயது மகனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

முள்ளோடு வேண்டாம் அம்மா. ஒரு முழம் மெல்லிய கயிறும், கதவில் இருக்கிற வளையமும் போதும். கயிறு தடிப்பாக இருப்பதால் சுற்று எப்படி உட்காருகிறது என்று பிள்ளைக்குத் தெரியும். கயிற்றில் வந்ததும் தங்கூசிக்கு மாற்றுங்கள். அதிலும் வந்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். இருட்டில் போட வந்தால் பனியிலும் வரும். கரைக்கு அனுப்பும்போது பெரியவர் ஒருவர் கூடப் போகட்டும். தண்ணீர் இறங்கின காலத்தில் காசல்ரீயின் ஓரத்துச் சேறு மேலே காய்ந்ததுபோல் இருக்கும், கால் வைத்தால் முழங்கால்வரை இழுக்கும்.