உங்கள் மடிக்கணினியில் ஓடும் பில்லிங் மென்பொருள் கடையில் மட்டும் ஏன் உறைகிறது?

கேள்வி: ஈரோட்டில் உள்ள ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடைக்கு சி ஷார்ப் மொழியில், விண்டோஸ் ஃபார்ம்ஸைக் கொண்டு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தரவுகள் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் இருக்கின்றன. என் மடிக்கணினியில் எல்லாம் சரியாக ஓடுகிறது. கடையில் மாதாந்திர விற்பனை அறிக்கையை எடுக்கும்போது திரை வெளுத்து, ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வருகிறது. அந்த வேலையைத் தனி த்ரெட்டுக்கு (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை இழைக்கு) மாற்றினேன். உடனே விஷுவல் ஸ்டுடியோவில் ‘கிராஸ்-த்ரெட் ஆபரேஷன் நாட் வேலிட்’ என்ற பிழை வந்தது. எக்ஸ்இ கோப்பை நேரடியாக இயக்கினால் பிழை வருவதில்லை, ஆனால் சில நேரங்களில் கிரிட் (அறிக்கையைக் காட்டும் கட்ட அட்டவணை) பாதி நிரம்பியபடியே நின்றுவிடுகிறது. நாள் முழுவதும் ஓடினால் மாலையில் புதிய ஜன்னல்கள் திறக்க மறுக்கின்றன. இவை போதாதென்று, தமிழில் தட்டச்சு செய்த வாடிக்கையாளர் பெயர்கள் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படுகின்றன, சில பில்களின் தேதியும் மாறியிருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: கடைக்காரர் உங்களிடம் அதிகம் புகார் சொல்வது திரை உறைவதைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஆயினும் நீங்கள் முதலில் கைவைக்க வேண்டியது கடைசியாகக் குறிப்பிட்டிருக்கும் இரண்டு பழுதுகளில்தான். உறைந்த திரை சற்று நேரத்தில் மீண்டுவிடும், ஆனால் கேள்விக்குறியாகிப் போன பெயரும் நாளும் மாதமும் இடம் மாறிப்போன தேதியும் தாமாக மீளப்போவதில்லை. ஒவ்வொரு பில்லும் சேரச் சேர அந்தச் சேதம் பெருகிக்கொண்டே இருக்கிறது. எனவே எதையும் திருத்துவதற்கு முன்பு கடையின் தரவுத்தளத்தை முழுமையாக பேக்கப் எடுத்து, ஒரு பிரதியை உங்கள் மடிக்கணினியிலும் ஏற்றிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அந்தப் பிரதி தேவைப்படும்.

திரையில் தெரிவது கேள்விக்குறியா, கட்டமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கட்டங்கள் தெரிந்தால் தரவு பத்திரமாக இருக்கிறது, எழுத்துரு மட்டும்தான் பொருந்தவில்லை. விண்டோஸ் 8 முதல் உடன்வரும் நிர்மலா யூஐ எழுத்துருவை, பெயரைக் காட்டும் கண்ட்ரோலுக்கு (பெட்டி, பட்டன் போன்ற திரை உறுப்புக்கு) கொடுத்தால் போதும். கேள்விக்குறிகள் தெரிந்தால் பெரும்பாலும் தரவே அழிந்திருக்கிறது. உங்கள் அட்டவணையில் பெயருக்கான புலம் ‘வார்சார்’ வகையில் இருக்கக்கூடும். அந்த வகை, எழுத்துகளை ஏதாவதொரு கோட்பேஜுக்கு (குறிப்பிட்ட சில மொழிகளின் எழுத்துகளுக்கு மட்டும் எண் கொடுக்கும் பட்டியலுக்கு) மாற்றித்தான் சேமிக்கும். தமிழுக்கென்று விண்டோஸில் ஆன்சி கோட்பேஜ் கிடையாது என்பதால், பொருந்தாத ஒவ்வோர் எழுத்தின் இடத்திலும் சர்வர் உண்மையான கேள்விக்குறியையே எழுதிவைத்துவிடுகிறது. எஸ்க்யூஎல் சர்வர் 2019 பதிப்பில் அறிமுகமான யூடிஎஃப்-8 கொலேஷன்கள் (எழுத்துகளைச் சேமிக்கவும் வரிசைப்படுத்தவும் உள்ள விதித்தொகுப்புகள்) இதற்கு விலக்கு. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கொலேஷனை மாற்றுவதைவிட, அந்தப் புலத்தை யூனிகோடில் சேமிக்கும் ‘என்வார்சார்’ ஆக்குவதே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

புலத்தை மட்டும் மாற்றிவிட்டு, பழுது தீரவில்லையே என்று திகைப்பவர்கள் பலர். பெயர் பயணிக்கும் பாதை முழுவதும் யூனிகோடாக இருக்க வேண்டும். ஸ்டோர்ட் புரொசீஜரின் (சர்வரிலேயே சேமித்துவைத்த கட்டளைத் தொகுப்பின்) பாராமீட்டர், அதாவது அதற்குள் மதிப்பை அனுப்பும் இடம், ‘வார்சார்’ ஆக இருந்தால் அங்கேயே எழுத்துகள் தொலைந்துவிடும். கட்டளைக்குள் பெயரை நேரடியாக மேற்கோள் குறிக்குள் எழுதியிருந்தால், அந்தக் குறிக்கு முன்னால் ஆங்கிலப் பெரிய ‘என்’ (N) எழுத்து இல்லாத பட்சத்தில் புலத்தைச் சென்றடையும் முன்பே அது கேள்விக்குறியாகிவிடும். ஏற்கெனவே அழிந்த பெயர்களை எந்த நிரலாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. தொலைபேசி எண்ணையோ அச்சிட்ட பில்லையோ வைத்துக் கடையில் மறுபடி உள்ளிடத்தான் வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

தேதிப் பழுதும் பெரும்பாலும் இதே இடத்திலிருந்துதான், அதாவது மதிப்புகளைச் சரங்களாக (வெறும் எழுத்துத் தொடர்களாக) ஒட்டிக் கட்டளை அமைப்பதிலிருந்துதான் பிறக்கிறது. ‘05/06/2024’ என்பதை நாம் ஜூன் 5 என்று படிக்கிறோம், ஆனால் அமெரிக்க ஆங்கில அமைப்பில் உள்ள சர்வர் லாகின் அதை மே 6 என்று எடுத்துக்கொள்கிறது. நாள் 12-ஐத் தாண்டினால் அப்படி ஒரு மாதமே இல்லாததால் பிழைச்செய்தி வந்துவிடும், 12-க்குள் இருந்தால் சத்தமில்லாமல் தவறாகச் சேமிக்கப்படும். ஆகவே பழுதான பில்கள் எல்லாமே மாதத்தின் முதல் 12 நாட்களில் போடப்பட்டவையாக இருக்கும். பில் எண்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். முன்னும் பின்னும் உள்ள பில்களின் தேதிகளோடு ஒட்டாமல் தனித்துத் தாவும் தேதிகளே நீங்கள் திருத்த வேண்டியவை. இனிமேல் இது நேராதிருக்க, தேதியைச் சரமாக மாற்றும் வழக்கத்தையே விட்டுவிடுங்கள். தேதி தேர்வு செய்யும் கண்ட்ரோலின் ‘டெக்ஸ்ட்’ பண்பை எடுக்காமல் ‘வேல்யூ’ பண்பை எடுத்து, அப்படியே பாராமீட்டராக அனுப்புங்கள். பாராமீட்டர் முறை எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் (உள்ளீட்டின் வழியே வேற்றுக் கட்டளையைப் புகுத்துதல்) என்னும் பெரிய ஓட்டையையும் சேர்த்தே அடைத்துவிடுகிறது.

இனி, உறைதல். விண்டோஸில் திரையை வரைவது, மவுஸ் சொடுக்கை ஏற்பது, விசை அழுத்தத்தைக் கவனிப்பது ஆகிய அனைத்தும் செய்திகளாக ஒரு வரிசையில் சேர்கின்றன. அந்த வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிப்பது ஒரே ஒரு த்ரெட், அதாவது உங்கள் ஃபார்மை உருவாக்கிய முதன்மை த்ரெட். கல்லாவில் இருக்கும் ஒரே கணக்கப்பிள்ளையே கிடங்குக்குப் போய் மூட்டைகளையும் எண்ணத் தொடங்கினால் கல்லா முன்னால் கூட்டம் தேங்கத்தானே செய்யும்? அறிக்கை பட்டனின் நிகழ்வுக்குள் நீண்ட வேலையை எழுதும்போது நடப்பது அதுதான். 5 விநாடிகள் வரை ஒரு ஜன்னல் தன் செய்திகளை எடுக்காவிட்டால், அது பதிலளிக்கவில்லை என்று விண்டோஸ் முடிவு செய்து, அதன் மேல் வெளுத்த நகல் ஒன்றைப் போர்த்துகிறது. நிரல் செத்துவிட்டது என்று அதற்குப் பொருள் அல்ல. உங்கள் த்ரெட் வேறெங்கோ காத்திருக்கிறது, அவ்வளவே.

அது எங்கே காத்திருக்கிறது என்பதை ஊகிக்காமல் கண்ணால் பார்த்துவிடலாம். கடையின் தரவுப் பிரதியை வைத்து விஷுவல் ஸ்டுடியோவிலிருந்து நிரலை இயக்குங்கள். திரை உறைந்த கணத்தில் ‘பிரேக் ஆல்’ பட்டனை அழுத்தி, ‘த்ரெட்ஸ்’ ஜன்னலில் முதன்மை த்ரெட்டைத் தேர்ந்து, அதன் ‘கால் ஸ்டாக்’ பட்டியலை (ஒன்றையொன்று அழைத்து அப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷன்களின் பட்டியலை) படியுங்கள். உங்கள் கணினியில் உறையவே இல்லை என்றால், கடைக் கணினியில் உறைந்திருக்கும்போது டாஸ்க் மேனேஜரில் அந்த நிரலின் மீது வலச்சொடுக்கி, ‘கிரியேட் டம்ப் ஃபைல்’ என்பதைத் தேர்ந்து, கிடைக்கும் கோப்பை (அந்தக் கணத்தில் நிரலின் நினைவக நகலை) விஷுவல் ஸ்டுடியோவில் திறக்கலாம். உங்கள் நிரல் 32-பிட்டாக இருந்து விண்டோஸ் 64-பிட்டாக இருந்தால், சிஸ்வாவ்64 கோப்புறையில் இருக்கும் டாஸ்க் மேனேஜரைக் கொண்டு டம்ப் எடுப்பது நல்லது. நினைவகத்தில் இருந்த வாடிக்கையாளர் விவரங்களும் அந்தக் கோப்பில் இருக்கும் என்பதால், வேலை முடிந்ததும் அதை அழித்துவிடுங்கள்.

அந்தப் பட்டியலின் உச்சியில் தரவுத்தள அழைப்பு நின்றால் பழுது கட்டளையில் இருக்கிறது. உங்கள் மடிக்கணினியில் பழுது தெரியாததற்குக் காரணம், அங்கே சோதனைக்காகப் போட்ட சில பில்கள் மட்டுமே இருப்பதும், சர்வரும் அதே கணினியில் இருப்பதும்தான். கடையிலோ ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பில்கள் இருக்கும், அவை நெட்வொர்க் வழியாகவும் வர வேண்டியிருக்கும். ஒவ்வொரு பில்லுக்கும் அதன் சரக்கு வரிகளைத் தனித்தனிக் கட்டளையால் எடுத்திருந்தால், அதை, அட்டவணைகளை இணைத்து எடுக்கும் ஒரே ‘ஜாயின்’ கட்டளையாக மாற்றுங்கள். மாதத்தைத் தேர்வதற்குத் தேதிப் புலத்தின் மீது ‘மன்த்’, ‘இயர்’ ஃபங்ஷன்களைப் போட்டிருந்தால், அப்புலத்தில் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அகவரிசை) இருந்தும் அதை வைத்து சர்வரால் நேராகத் தேடிச் செல்ல முடியாது. மாதத்தின் முதல் தேதிக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்து, அடுத்த மாதத்தின் முதல் தேதிக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும் என்று எல்லை கொடுத்துக் கேளுங்கள். இந்த மாற்றத்தோடேயே உறைதல் நின்றுவிடும் வாய்ப்பும் உண்டு. அப்படி நின்றுவிட்டால் த்ரெட் வேலையே உங்களுக்குத் தேவைப்படாது.

உச்சியில் கிரிட்டின் அளவு கணக்கிடும் ஃபங்ஷன்கள் நின்றால், தரவு வந்து சேர்ந்துவிட்டது, அதைக் காட்டுவதில்தான் நேரம் போகிறது. வரிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்காமல் முழு அட்டவணையையும் ‘டேட்டாசோர்ஸ்’ வழியாக ஒரே முறையில் கொடுங்கள். நெடுவரிசைகளின் தானியங்கு அகலம் ‘ஆல் செல்ஸ்’ என்று இருந்தால் ஒவ்வொரு கட்டமும் அளக்கப்படும், அதை ‘டிஸ்ப்ளேடு செல்ஸ்’ ஆக மாற்றுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அறிக்கைக்குச் சில விநாடிகள் தேவைப்பட்டால், அந்த வேலையை முதன்மை த்ரெட்டிலிருந்து நகர்த்துவது நியாயமே. நீங்கள் சந்தித்த பிழையின் காரணமும் இங்கேதான் இருக்கிறது. ஒரு கண்ட்ரோலை உருவாக்கிய த்ரெட் மட்டுமே அதைத் தொடலாம் என்பது விண்டோஸ் ஃபார்ம்ஸின் விதி. அந்த விதி மீறப்படுகிறதா என்ற சோதனை, இயல்பு நிலையில் டிபக்கர் (விஷுவல் ஸ்டுடியோவில் உள்ளதுபோன்ற பிழைதேடும் கருவி) இணைந்திருக்கும்போது மட்டுமே செயல்படும். எனவேதான் விஷுவல் ஸ்டுடியோவில் பிழை வருகிறது, எக்ஸ்இ கோப்பில் வருவதில்லை. பிழை மறைந்துவிட்டது என்று அதற்குப் பொருள் அல்ல, விதிமீறல் கேட்பாரற்று நடக்கிறது. கிரிட் பாதியில் நிற்பதும் பெரும்பாலும் அதனால்தான். ‘செக் ஃபார் இல்லீகல் கிராஸ் த்ரெட் கால்ஸ்’ என்ற பண்பை ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் சரியாகிவிடும் என்று யாரேனும் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அது எச்சரிக்கை மணியை அறுப்பதே தவிர, பழுதை நீக்குவது அல்ல.

சி ஷார்ப்பில் 2012 முதல் திரையை முடக்காமல் ஒரு வேலை முடியக் காத்திருக்க உதவும் ‘அசிங்க்’, ‘அவெய்ட்’ என்ற இரு சொற்கள் இருக்கின்றன, உங்கள் தேவைக்கு அவையே போதும். பட்டனின் நிகழ்வை ‘அசிங்க்’ ஆக்குங்கள். தொடக்கத்தில் பட்டனை முடக்கிவிட்டு, தேதிகளைக் கண்ட்ரோல்களிலிருந்து சாதாரண மாறிகளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு தரவை எடுக்கும் ஃபங்ஷனை மட்டும், வேலையை வேறு த்ரெட்டுக்கு அனுப்பும் ‘டாஸ்க்.ரன்’ வழியாக ‘அவெய்ட்’ செய்யுங்கள். அந்த ஃபங்ஷனுக்குள் எந்தக் கண்ட்ரோலின் பெயரும் வரக்கூடாது, அது தேதிகளைப் பெற்றுக்கொண்டு ஒரு டேட்டாடேபிளை (நினைவகத்தில் இருக்கும் அட்டவணையை) திருப்பித் தந்தால் போதும். ‘அவெய்ட்’ முடிந்து அடுத்த வரிக்கு வரும்போது நீங்கள் மீண்டும் முதன்மை த்ரெட்டில் இருப்பீர்கள். இடையில் ஃபார்ம் மூடப்படவில்லை என்பதை மட்டும் சரிபார்த்துவிட்டு, கிரிட்டை நேரடியாக நிரப்பலாம். பட்டனை மறுபடி இயக்கும் வரியை ‘ஃபைனலி’ பகுதியில் வையுங்கள். இல்லையேல் ஒரு பிழை நேர்ந்தாலும் பட்டன் நிரந்தரமாக முடங்கிவிடும்.

இந்த முறையில் மூன்று குழிகள் உண்டு. ‘அவெய்ட்’ எழுத வேண்டிய இடத்தில் ‘.ரிசல்ட்’ அல்லது ‘.வெய்ட்’ எழுதினால் முதன்மை த்ரெட் வேலை முடியக் காத்திருக்கும். அந்த வேலை ‘டாஸ்க்.ரன்’ இல்லாமல் முதன்மை த்ரெட்டிலேயே தொடங்கி, அதற்குள் ‘அவெய்ட்’ இருந்தால் அதன் மீதிப் பகுதி முதன்மை த்ரெட்டுக்காகக் காத்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்பதால் இம்முறை திரை நிரந்தரமாக உறையும். நிரல் முழுவதற்கும் ஒரே தரவுத்தள இணைப்பைப் பொதுவாக வைத்திருந்தால், இரண்டு த்ரெட்டுகள் அதை ஒரே நேரத்தில் பயன்படுத்தி, ‘டேட்டா ரீடர் ஏற்கெனவே திறந்திருக்கிறது’ என்பது போன்ற பிழைகளில் போய் முடியும். தேவைப்படும்போது இணைப்பைத் திறந்து, ‘யூஸிங்’ தொகுதியால் உடனே மூடுங்கள். கனெக்‌ஷன் பூலிங் (மூடிய இணைப்புகளை மறுபடி பயன்படுத்த வைத்திருக்கும் வசதி) இருப்பதால் இதற்குச் செலவு மிகக் குறைவு. கடைசியாக, சுழற்சிக்குள் ‘அப்ளிகேஷன்.டூஈவென்ட்ஸ்’ போடும் பழைய குறுக்குவழி வேண்டாம். திரை உயிரோடு இருப்பதுபோல் தெரியும், ஆனால் பயனர் அதே பட்டனை மறுபடி அழுத்தினால் முதல் வேலை முடியும் முன்பே அதற்குள்ளாகவே இரண்டாவது வேலை தொடங்கிவிடும். பில் போடும் நிரலில் அது ஆபத்து.

மாலையில் ஜன்னல்கள் திறக்க மறுப்பது ஏறக்குறைய நிச்சயமாக ஹேண்டில் கசிவுதான், அதாவது விண்டோஸிடம் வாங்கிய ஜன்னல், எழுத்துரு போன்றவற்றை நிரல் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருப்பதுதான். ஒரு நிரலுக்கு இயல்பாக 10,000 யூசர் ஆப்ஜெக்டுகள் (ஜன்னல், மெனு போன்றவை), 10,000 ஜிடிஐ ஆப்ஜெக்டுகள் (எழுத்துரு, பேனா போன்ற வரைதல் பொருள்கள்) என்பதே விண்டோஸ் தரும் வரம்பு. டாஸ்க் மேனேஜரின் ‘டீடெயில்ஸ்’ பகுதியில் இவ்விரண்டு நெடுவரிசைகளையும் சேர்த்துவைத்து, காலையும் மதியமும் எண்ணைப் பாருங்கள், ஏறிக்கொண்டே போனால் ஐயமில்லை. ‘ஷோ’ மூலம் திறக்கும் ஃபார்ம் மூடப்படும்போது தானாகவே அழிக்கப்படும். ‘ஷோ டயலாக்’ மூலம் திறப்பதோ மூடிய பிறகும் மறைந்துதான் இருக்கும், அதை நீங்களே ‘டிஸ்போஸ்’ செய்து விடுவிக்க வேண்டும். வாடிக்கையாளரைத் தேடும் சிறு ஜன்னல் ஒரு நாளில் எத்தனை முறை திறக்கப்படும் என்று எண்ணிப் பாருங்கள். அதை உருவாக்கும் இடங்களையெல்லாம் ‘யூஸிங்’ தொகுதிக்குள் கொண்டுவாருங்கள். பில் அச்சிடும் பகுதியில் உருவாக்கும் ஃபான்ட், பேனா, பிட்மேப் ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

இத்தனையும் செய்யும்போது, ஏற்கெனவே எழுதியிருக்கும் ‘டிரை’, ‘கேட்ச்’ தொகுதிகளையும் தேடிப் பாருங்கள். உள்ளே ஒன்றுமே எழுதாமல் விட்ட ‘கேட்ச்’ எதுவாயினும் நீக்கிவிடுங்கள். அதற்குப் பதிலாக, நிரலின் தொடக்கத்திலேயே ‘அப்ளிகேஷன்.த்ரெட் எக்ஸெப்ஷன்’, ‘ஆப்டொமைன்.அன்ஹேண்டில்டு எக்ஸெப்ஷன்’ ஆகிய இரண்டு நிகழ்வுகளையும் பிடித்து, பிழையின் முழு விவரத்தையும் நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதுங்கள். அந்தக் கோப்பை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையில் வைக்காதீர்கள், சாதாரணப் பயனருக்கு அங்கே எழுதும் உரிமை இல்லை. ‘புரோகிராம் டேட்டா’வின் கீழ் உங்கள் நிரலுக்கென ஒரு கோப்புறை அமைத்துக்கொள்ளலாம். அதுவரையில் கடைக் கணினியின் ஈவென்ட் வியூவரில், ‘அப்ளிகேஷன்’ பதிவின் கீழ் எண் 1002 உள்ளவை திரை உறைந்த நேரங்களையும், டாட்நெட் ரன்டைம் எழுதிய எண் 1026 உள்ளவை நிரல் விழுந்த நேரங்களையும் அதற்கான பிழையையும் காட்டும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது முதலில் அவற்றை ஒரு கோப்பாகச் சேமித்து எடுத்து வாருங்கள்.