ஒரு பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் புதிய தாள் ஒன்றைச் சேர்க்க ஆசிரியர் ஒருவரால் முடியுமா?

கேள்வியைக் கேட்டவர் தாம் ஓர் இளம் உதவிப் பேராசிரியர் என்றும், தமது துறையில் காலத்துக்கேற்ற புதிய பாடம் ஒன்றைத் தொடங்க விரும்புவதாகவும், அதை யாரிடம் முன்மொழிவது, யார் ஒப்புதல் தருவது, எவ்வளவு காலம் ஆகும் என்பது தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். முடியும் என்பதே என் பதில். தமிழ்நாட்டில் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றின் வரலாற்றுத் துறையில் பணியாற்றும் நான், இளங்கலை மாணவர்களுக்காகக் கல்வெட்டியல் என்ற விருப்பப் பாடத்தை முன்மொழிந்து 2017-இல் ஒப்புதல் பெற்றேன். அதற்குள் நான் கற்றுக்கொண்டவற்றைக் கொண்டே இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கல்லூரி எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பாருங்கள். இணைவுபெற்ற சாதாரணக் கல்லூரியாக இருந்தால் பாடத்திட்டம் முழுவதும் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுவின் கையில் இருக்கும். அந்தக் குழுவில் இடம்பெற்றுள்ள மூத்த ஆசிரியர் ஒருவர் வழியாகத்தான் உங்கள் கருத்து உள்ளே போக முடியும். தன்னாட்சிக் கல்லூரியில் நிலைமை வேறு. 1978-இல் சென்னை இலயோலா கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி முதலியவை தன்னாட்சி பெற்ற நாளிலிருந்து, இத்தகைய கல்லூரிகள் தமக்கான பாடத்திட்டத்தைத் தாமே வகுத்து, தேர்வையும் தாமே நடத்துகின்றன; பட்டத்தை மட்டும் தாய்ப் பல்கலைக்கழகம் வழங்குகிறது. ஆகவே அங்கே உங்கள் முன்மொழிவு துறைக் கூட்டத்தில் தொடங்கி, கல்லூரியின் பாடத்திட்டக் குழு வழியாகக் கல்விப் பேரவைக்குச் சென்று முடிந்துவிடும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஏற்கெனவே உள்ள பட்டப்படிப்புக்குள் ஒரு தாளைச் சேர்ப்பதும், புதிய பெயரில் ஒரு பட்டப்படிப்பையே தொடங்குவதும் ஒன்றல்ல. பட்டத்தின் பெயர் 1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுக்கு உட்பட்டது. அதற்கான பட்டியலில் உள்ள பெயர்களைத்தான் பயன்படுத்த முடியும். அதைவிட முக்கியமாக, பட்டத்தோடு புதுமையான பாடப்பெயரைச் சேர்த்துவிட்டால், பின்னாளில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பட்டம் வழக்கமான பட்டத்துக்கு இணையானதா என்ற கேள்வி எழுந்து, இணைத்தன்மை அரசாணைக்காக மாணவர்கள் அலைய வேண்டியதாகிவிடும். கவர்ச்சியான பெயருக்காக மாணவர்களை அந்த அலைச்சலில் தள்ளுவது எனக்குச் சிறிதும் உடன்பாடில்லாத செயல். நீங்கள் கற்பிக்க விரும்புவது ஒரு தாளுக்குள் அடங்குமானால் தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கீழடியில் 2015-இல் அகழாய்வு தொடங்கி, தமிழின் மிகப் பழைய எழுத்துவடிவமான தமிழி பொறித்த பானையோடுகளைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதத் தொடங்கியபோது, எங்கள் வகுப்பில் அந்த எழுத்தை எப்படிப் படிக்கிறார்கள் என்று மாணவர்கள் கேட்டார்கள். மூன்றாண்டு வரலாறு படித்து வெளியேறும் ஒருவர், தம் ஊர்க் கோயில் சுவரில் இருக்கும் ஒரு வரியைக்கூட வாசிக்கத் தெரியாமல் போகிறார் என்பது எனக்கு நெடுநாளாகவே உறுத்தலாக இருந்தது. 2016 ஜூலையில் ஐந்து அலகுகள் கொண்ட ஒரு வரைவை எழுதினேன்: தமிழி, வட்டெழுத்து என்னும் வளைவான பழைய எழுத்து, சோழர் காலத் தமிழெழுத்தும் வடமொழியை எழுதப் பயன்பட்ட கிரந்தமும், கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்தியும் ஆட்சியாண்டும், நிலமும் வரியும். பாடம் நல்லதாக இருந்தால் போதும், ஒப்புதல் தானே வரும் என்று அன்று நம்பினேன். பாடத்தின் தேவையை எந்தக் கூட்டத்திலும் ஒருவரும் மறுக்கவில்லை. எழுந்த கேள்விகள் எல்லாம் நீ இல்லாதபோது இந்தப் பாடம் நடக்குமா என்பதைச் சுற்றியே இருந்தன.

முதல் சிக்கல் இடம். எங்கள் இளங்கலைப் பட்டத்துக்கு மொத்தம் 140 தகுதிப்புள்ளிகள் (கிரெடிட்); வாரத்துக்கு 30 மணி நேர வகுப்பு. தமிழ், ஆங்கிலம், முதன்மைப் பாடம், சார்புப் பாடம் என்று எல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும் கால அட்டவணையில், புதிய தாள் ஒன்று நுழைய வேண்டுமானால் பழைய தாள் ஒன்று வெளியேற வேண்டும். ஐந்தாம் பருவத்தில் விருப்பப் பாடமாக இருந்த சுற்றுலாவியலை எடுத்துவிட்டு அந்த இடத்தைத் தரலாம் என்று துறைத்தலைவர் சொன்னார். நான் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். அன்று மாலை ஆசிரியர் அறையில் மூத்த பேராசிரியர் ஒருவர் என்னை அருகில் உட்கார வைத்து, “தம்பி, அந்தத் தாளை யார் எடுக்கிறார்கள் என்று பார்த்தீர்களா?” என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதை நடத்தியவர் நிர்வாகம் ஊதியம் தரும் தற்காலிக ஆசிரியை. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு இருக்க வேண்டும் என்பது கணக்கு. அவரிடமிருந்து நான்கு மணி நேரத்தை எடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு அவருடைய பணியிடமே தேவையில்லை என்று எழுதிவிட முடியும்.

பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. ஒரு தாளை நீக்குவதை எதிர்ப்பவர்களைப் பழமைவாதிகள் என்று சொல்லிவிடுவது எளிது. அந்த எதிர்ப்புக்குப் பின்னால் ஒருவருடைய வாழ்வாதாரம் இருக்கக்கூடும். நான் அந்த ஆசிரியையை நேரில் சந்தித்து, கல்வெட்டியல் தாளில் முதல் இரண்டு அலகுகளை அவர் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். தமக்கு அந்த எழுத்துகள் தெரியாதே என்று தயங்கினார். ஏறத்தாழ ஆறு மாதம், சனிக்கிழமை பிற்பகல்களில் இருவரும் துறை நூலகத்தில் அமர்ந்து, கல்வெட்டுப் படங்களை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தோம். சோழர் காலக் கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே தோன்றும். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. பொருளை ஊகித்துக்கொண்டே எழுத்தையும் படிக்க வேண்டும். அவர் என்னைவிடப் பொறுமையாகப் படித்தார் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

2017 பிப்ரவரியில் பாடத்திட்டக் குழு கூடியது. துறைத்தலைவர் தலைமையில் துறை ஆசிரியர்கள் எல்லோரும் அதில் உறுப்பினர்கள். அவர்களைத் தவிர, கல்விப் பேரவை நியமிக்கும் வெளி வல்லுநர்கள் இருவர், துணைவேந்தர் நியமிக்கும் வல்லுநர் ஒருவர், தொழில்துறையிலிருந்தோ வேலைவாய்ப்போடு தொடர்புடைய துறையிலிருந்தோ ஒருவர், சிறந்த முன்னாள் மாணவர் ஒருவர் ஆகியோர் இருப்பார்கள். வெளி வல்லுநர்களைச் சடங்குக்கு வந்து கையெழுத்திட்டுவிட்டுப் போகிறவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வரைவைப் பத்து நாள்களுக்கு முன்பே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். எங்களிடம் வந்த வல்லுநர் ஒருவர் என் வரைவின் ஓரத்தில் பென்சிலால் குறியிட்டே கொண்டுவந்திருந்தார். நான் கொடுத்திருந்த 14 பார்வை நூல்களில் ஒன்பதுக்கு எதிரே சிறிய கேள்விக்குறி இருந்தது. “இவை உங்கள் நூலகத்தில் இருக்கின்றனவா? இல்லையென்றால் மாணவர் எதைப் படித்துத் தேர்வு எழுதுவார்?” என்று கேட்டார். பாதிக்கு மேல் அச்சில் இல்லாதவை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பட்டியலை ஐந்தாகக் குறைத்தோம். 1890 முதல் வெளிவந்துகொண்டிருக்கும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளிலிருந்து 20 கல்வெட்டு வாசகங்களைத் தேர்ந்து, படிகள் எடுத்துத் தொகுத்து நூலகத்தில் வைப்பது என்று முடிவாயிற்று. உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகளும் அந்த இருபதில் உண்டு.

மைப்படி எடுக்கும் பயிற்சியையும் அவர் கேள்விக்குட்படுத்தினார். கோயில் சுவரில் காகிதத்தை ஒட்டி மை ஒற்றுவதற்கு உரிய துறையின் அனுமதி வேண்டும். அது கிடைக்காத ஆண்டில் பாடத்திட்டத்தில் எழுதியதை நடத்தாமல் விட்டதாக ஆகும் என்றார். ஆகவே துறையிலேயே எழுத்துப் பொறித்த கற்பலகைகள் இரண்டைச் செய்வித்து அவற்றில் பயிற்சி தருவது, கோயிலில் கண்ணால் படிப்பதோடு நிறுத்திக்கொள்வது என்று மாற்றி எழுதினோம். எனக்கு அப்போது சற்று ஏமாற்றமாகவே இருந்தது. இன்று யோசித்தால் அவர் சொன்னது முழுக்கச் சரி.

கல்விப் பேரவையில் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. முதல்வர் தலைமையில் எல்லாத் துறைத்தலைவர்களும், பல்கலைக்கழகப் பிரதிநிதிகள் மூவரும், பல துறை சார்ந்த வெளி வல்லுநர்களும் அமர்ந்திருக்கும் அந்தக் கூட்டத்தில் ஒரு தாளுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் வேதியியல் துறைத்தலைவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பாடத்தின் பயன் என்ற இடத்தில் மாணவர் கல்வெட்டை வாசிப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் தேர்வு முழுவதும் கட்டுரை வினாவாக இருக்கிறதே, அவருக்கு வாசிக்கத் தெரிகிறதா என்பதை எப்படி அறிவீர்கள்? எங்களிடம் பதில் இல்லை. பேரவைக்கு ஒரு முன்மொழிவை அப்படியே ஏற்கவோ, திருத்தி ஏற்கவோ, காரணம் சொல்லித் திருப்பி அனுப்பவோ, மறுக்கவோ உரிமை உண்டு. எங்களுடையது திருப்பி அனுப்பப்பட்டது. துறையில் சிலர் இதை அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எங்கள் துறையைச் சேராத ஒருவர் எங்கள் பாடத்தை இவ்வளவு கூர்மையாகப் படித்திருக்கிறாரே என்பதில் எனக்கு நிறைவுதான்.

அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணில் 15-ஐ வாசிப்புத் தேர்வுக்கு ஒதுக்கினோம். பருவத் தேர்வு வினாத்தாளிலும் கல்வெட்டுப் படம் ஒன்றை அச்சிட்டு, அதை இன்றைய எழுத்தில் பெயர்த்து எழுதச் சொல்லும் கட்டாய வினா ஒன்றைச் சேர்த்தோம். உடனே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது: அந்த வினாவை எடுக்கவும் விடைத்தாளைத் திருத்தவும் தகுதியுள்ள வெளி ஆசிரியர்கள் யார் யார்? பெயர்ப் பட்டியல் கொடுத்த பிறகே பாடக் குறியீடு கிடைத்தது. நீங்கள் புதிய துறை ஒன்றைத் தொடப்போகிறீர்கள் என்றால் இந்தப் பட்டியலை முதல் வாரத்திலேயே தயார் செய்துகொள்ளுங்கள். வெளியே திருத்த ஆளில்லாத தாளை எந்தத் தேர்வு அலுவலகமும் விரும்பாது. மே மாதம் குழு மீண்டும் கூடித் திருத்தங்களை ஏற்றது. அதே மாத இறுதியில் பேரவையின் ஒப்புதல் கிடைத்தது.

காலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வரைவு எழுதியதிலிருந்து ஒப்புதல் வரை எனக்குப் பத்து மாதங்கள் ஆயின. ஆனால் புதிய பாடத்திட்டம் அந்த ஆண்டு சேரும் மாணவர்களிலிருந்துதான் நடைமுறைக்கு வரும். 2017 ஜூனில் சேர்ந்தவர்கள் ஐந்தாம் பருவத்துக்கு வந்தது 2019 ஜூனில். அப்போது கூட்டத்தில் கையெழுத்திட்டவர்களில் இருவர் ஓய்வு பெற்றிருந்தார்கள். இந்த இடைவெளியை வீணாக்காமல் படங்களைச் சேகரித்து, தொகுப்பைப் பிழை நீக்கி, இரண்டாவது ஆசிரியரைத் தயார் செய்துவிடுங்கள்.

முதல் ஆண்டில் 31 பேர் அந்தத் தாளைத் தேர்ந்தெடுத்தார்கள். கற்பலகையில் நனைந்த காகிதத்தை ஒட்டி, தூரிகையால் தட்டி எழுத்துக்குள் பதிய வைத்து, ஈரம் சற்றே உலர்ந்ததும் மை ஒற்றினோம். கருப்புக்கு நடுவே வெள்ளையாக எழுத்துகள் எழுந்தன. முதல் வரிசையில் நின்ற மாணவி ஒருவர் “திருமகள் போல” என்று கூட்டிப் படித்து முடித்தார். இராசராசனின் மெய்க்கீர்த்தித் தொடக்கம் அது. அந்த வகுப்பை நடத்தியது நான் அல்ல. சுற்றுலாவியல் நடத்திவந்த அந்த ஆசிரியைதான். இரண்டாம் ஆண்டிலிருந்து தாள் முழுவதையும் அவரே எடுத்துக்கொண்டார். பாடத்திட்டத்தை அடுத்துத் திருத்தியபோது வட்டெழுத்து அலகை அவர் முழுவதும் மாற்றி எழுதியிருக்கிறார்.